பொருத்தத்தாரின் துவக்குக் கலியாணம்

கனடாவில், மொன்றியல் தீவில் நடந்த தமிழ்க் கலியாணங்களில் பாதி, பொருத்தத்தார் பேசி முடித்தவை. மீதிப் பாதி, பொருத்தத்தார் சரிவராது என்று சொன்னதால் மாப்பிள்ளைக்கும் பொம்பிளைக்கும் ரோசம் வந்து நடந்தவை. எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் அந்த மனிசனைத் தாண்டி இந்தத் தீவில் ஒரு தாலி ஏறவில்லை.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதை எழுதினால் உங்களில் ஒருவருக்கும் ஆளைத் தெரியாது. பொருத்தத்தார் என்றால் கோயில் ஐயர் தொடக்கம் கோழிக்கடைக்காரர் வரை தெரியும். கர்க்லாண்டில் எங்கள் வீட்டுப் பேஸ்மென்டில் பல வருடம் குடியிருந்தார். இப்போது ரொறன்ரோவில் தங்கச்சி வீட்டோடு போய்விட்டார். அந்த அறையில் என் பேரப்பிள்ளைகள் மேசைப்பந்து விளையாடுகிறார்கள்.

தரகு அவருடைய பக்கத் தொழில்தான். சம்பளத்துக்குப் பார்த்த வேலை, டோர்வல் விமான நிலையத்தில் விமானத்துக்கு உள்ளே துப்புரவாக்குவது. நானும் டோர்வல்காரிதான். விமானத்துக்குச் சாப்பாடு கட்டுகிற கிச்சினில் வேலை. ஐந்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடினவள், அந்தக் கிச்சினில் ஒரு வரிசைக்கே மேற்பார்வைக்காரியாக நின்றுதான் பென்சனுக்கு வந்தேன். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு மனது ஆறாது. அதனால் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

பொருத்தத்தார் எதையும் சும்மா வாங்கமாட்டார். தமிழ்க் கடையில் வெண்டிக்காய் நுனியை எல்லோரும் முறித்துப் பார்ப்பார்கள். இவர் முறிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்பார். தேங்காயைக் காதோடு வைத்து ஆட்டுவார். பிறகு அதைப் பக்கத்துத் தேங்காய்க்கும் காட்டுவார். அவருடைய கார் வந்து நிற்பதைக் கண்டால் கடைக்காரர் வெண்டிக்காய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்கு ஓடுவார் என்று ஒரு கதை உண்டு. நான் கண்ணால் பார்த்ததில்லை. பெட்டி இருந்த இடம் வெறுமையாக இருந்ததை மட்டும் பார்த்திருக்கிறேன்.

ஒருமுறை பனிச் சப்பாத்து வாங்க அவரோடு போய் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. இரண்டு சப்பாத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன தம்பி பாக்கிறீர்? அளவு சரிதானே?"

"அளவு சரி அக்கா. இது ரெண்டும் ஒரு தாய் வயித்துப் பிள்ளையளோ எண்டு பாக்கிறன். இடதின்ர முகத்தில ஒரு சோகம் தெரியுது."

சப்பாத்து வாங்காமலே வந்தோம். அந்தக் குளிர்காலம் முழுக்கப் பழைய சப்பாத்துக்குள் பொலித்தீன் பை போட்டுக்கொண்டு திரிந்தார். இவ்வளவு பொருத்தம் பார்க்கிறவர் தனக்கு ஒரு கலியாணம் செய்யவில்லையோ என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "மற்றவைக்குப் பாத்துப் பாத்து எனக்குப் பாக்க நேரம் கிடைக்கேல்லை அக்கா" என்றார். பாதி உண்மை. மற்றப் பாதி அந்தச் சப்பாத்துக் கதைதான்.

இப்படிப்பட்டவருக்கு அறுபது கடந்த பிறகு துவக்குப் பைத்தியம், அதாவது துப்பாக்கிப் பைத்தியம் பிடித்தது.

பிடிக்க வைத்தவன் செர்ஜ். பொருத்தத்தாரோடு விமானம் துப்புரவாக்குகிற கியூபெக்காரன். ஆள் ஒரு குளிர்சாதனப் பெட்டி அளவு, குணம் பூனைக்குட்டி. ஆற்றுக்கு அந்தப் பக்கம், வயல் நடுவில், குறிபார்த்துச் சுடுகிற கிளப் ஒன்றில் அவன் அங்கத்தவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்காக இவரையும் கூட்டிக்கொண்டு போனான். பின்னேரம் திரும்பி வந்தவர், மேலே வந்து என் குசினிக் கதிரையில் உட்கார்ந்து ஒன்றும் கதைக்கவில்லை. வேலை நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் காதில் போனோடு நட்சத்திரமும் பாதமும் கதைக்கிற மனிசன். எனக்குப் பயம் வந்தது.

"என்ன, நெஞ்சு கிஞ்சு நோகுதோ?"

"இல்லை அக்கா. மூச்சை விட்டிட்டு, அடுத்த மூச்சை எடுக்க முன்னம், நடுவில ஒரு அமைதி இருக்கு. அதுக்குள்ளதான் விசையைத் தொடோணும் எண்டு செர்ஜ் சொன்னவன். இவ்வளவு காலமும் அது எனக்குள்ளதான் இருந்திருக்கு. நான் இண்டைக்குத்தான் அதைச் சந்திச்சனான்."

அடுத்த மாதமே வகுப்புக்குப் போய், சோதனை பாஸ் பண்ணி, லைசென்ஸ் எடுத்துவிட்டார். பொலிஸ் என்னிடமும் போனில் கேட்டது, ஆள் எப்படி என்று. "வெண்டிக்காய்க்கு மட்டும்தான் ஆபத்தான ஆள்" என்று என் மருமகளைக் கொண்டு பிரெஞ்சில் சொல்லச் சொன்னேன். அவள் அதைச் சொல்லவில்லை. நல்ல மனிதர் என்று மட்டும் சொன்னாள்.

மருமகளுக்கு இதெல்லாம் துப்புரவாகப் பிடிக்கவில்லை. ஒரு நாள் படியில் வைத்தே பொருத்தத்தாரைக் கேட்டுவிட்டாள்.

"அங்கிள், துவக்குச் சத்தத்துக்குப் பயந்துதானே எங்கட சனம் ஓடி வந்தது. இப்ப நீங்கள் அதைக் காசு குடுத்து வாங்கப் போறியளோ?"

பொருத்தத்தார் கோபப்படவில்லை. படியிலேயே அமர்ந்துவிட்டார். "பிள்ளை, அது ஆக்களைப் பாத்த துவக்கு. இது கடதாசியைப் பாக்கிறது. கடதாசிக்கு அழுறதுக்கு ஒரு தாய் இல்லை" என்றார். இரும்பு அலுமாரியும் இரட்டைப் பூட்டும் வேண்டும் என்றாள். அது சட்டத்திலேயே இருக்கிறது என்றார். சாமி அறைக்கு நேர் கீழே அலுமாரியை வைக்கக் கூடாது என்று நான் சொன்னேன். அது சட்டத்தில் இல்லை, ஆனாலும் அதைத்தான் முதலில் செய்தார்.

கடையில் ஒரு துவக்கைப் பார்த்து வாங்கும் என்று செர்ஜ் சொல்லியிருக்கிறான். "ரெடிமேட் சேட்டே எனக்குத் தோளில நிக்கிறேல்லை" என்று இவர் மறுத்துவிட்டார். அப்போது கிளப்பில் யாரோ வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நீரே சேர்த்துப் பூட்டலாம், ஒன்றுக்கொன்று பொருந்துகிற மாதிரிப் பார்த்துத் தெரிந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். பொருந்துகிற மாதிரி! முழு நிலாவைப் பார்த்த கடல் போல மனிசன் பொங்கிவிட்டார்.

பெரிய ரவை, அதாவது பெரிய குண்டு போடுகிற துவக்குகளில் பலதை இப்போது சட்டம் விடுவதில்லை. இவர் கட்ட நினைத்தது சின்ன ரவைத் துவக்கு. ஒரு ரவை போனதும் அடுத்தது தானே வந்து நிற்கிற வகை. கையால் இழுத்து ஏற்றுகிற வகை மலிவு, ஆனால் அந்த அமைதி குழம்பிப் போகுமாம். சின்ன ரவைதான், ஆனாலும் இவருக்கு ஆசை கடைசித் தூரத்துக் குறிப்பலகை. அந்தப் பலகை, நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் ஒரு தபால் முத்திரை அளவுதான் தெரியும். சின்ன ரவைக்கு அது பருத்தித்துறையிலிருந்து கொழும்புக்கு நடக்கிற தூரம் என்று செர்ஜ் எச்சரித்திருக்கிறான்; ஊர்ப்பெயர்கள் மட்டும் பொருத்தத்தார் போட்டவை.

முதலில் குழல் பார்த்தார். குழல் என்றால் ரவை போகிற இரும்புக் குழாய். கடைக்குப் போய் ஒவ்வொரு குழலையும் மூட்டுவிரலால் தட்டிக் காதோடு வைத்துக் கேட்டார். கடைக்காரனுக்கு அது புதுசு. பிறகு மேற்கிலே குழல் கடைகிற ஒரு பட்டறைக்குச் செர்ஜைக் கொண்டு போன் எடுப்பித்து, பிடித்துப்போன குழலை எந்த நாள், என்ன நேரம் கடைந்தீர்கள் என்று விசாரித்தார். எதிர்ப்பக்கம் கொப்பி புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று பதில் வந்தது.

"செவ்வாய்க் குற்றம்" என்றார் பொருத்தத்தார், போனைக் கையால் பொத்திக்கொண்டு.

"அப்ப விடும்" என்றேன் நான்.

"ஏன் விட? நல்ல குழல். செவ்வாய்க் குற்றமுள்ளதுக்குச் செவ்வாய்க் குற்றமுள்ளதைத்தான் பாக்கோணும்."

அதற்குப் பிறகு ஒரு வருடம் முழுக்க, செவ்வாய்க்கிழமை செய்த விசை, செவ்வாய்க்கிழமை செய்த உடல் (குழலும் விசையும் வந்து பூட்டுகிற நடு இரும்பு) என்று தேடினார். வியாழக்கிழமை பிறந்த விசை ஒன்று நல்ல விலைக்கு வந்தது. வேண்டாம் என்றுவிட்டார். செர்ஜ் ஞாயிறு தோறும் வந்து, எது முடிந்தது என்று கேட்பான். "விசாரிச்சுக்கொண்டிருக்கிறன்" என்று இவர் சொல்வார். பூட்டிய அலுமாரிக்குள் குழல் ஒரு தட்டிலும், உடல் ஒரு தட்டிலும், விசை ஒரு தட்டிலும், ஒன்றோடொன்று கதையாத சம்பந்திகள் மாதிரி இருந்தன. ஒன்றும் சேர்ந்து துவக்காகவில்லை.

இந்தத் தேடலில் அவர் இன்னும் பத்து வருடம் இருந்திருப்பார். கண் விடவில்லை.

கண் வைத்தியரிடம் மருமகள்தான் காரில் ஏற்றிப்போனாள். நானும் கூடப் போனேன். வெளியே வந்தவர் காரில் ஏறி வார் போட்டுக்கொண்டு சாதாரணமாகச் சொன்னார்.

"ஒரு கட்டம் போட்ட தாளைக் காட்டினவை அக்கா. வலக்கண்ணால பாக்க நடுவில கோடெல்லாம் வளைஞ்சு போச்சு. நான் தாள் பிழையெண்டன். டொக்டர் தாள் சரியெண்டார்."

வலக்கண்ணின் நடுப்பகுதி பழுதாகிக்கொண்டு வருகிறதாம். ஊசி போட்டால் மெதுவாகப் போகும், திரும்பி வராது. இடதுகண் நல்லது, நடக்க வாசிக்க அது காணும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் துவக்கு வலத்தோளில், வலக்கண்ணால் என்றுதான் செர்ஜ் பழக்கியிருந்தான். எங்கள் எல்லோருடைய நினைப்பும் அதுதான்.

மருமகள் காரை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். இறங்கும்போது பொருத்தத்தார் சொன்னார்: "இந்தப் பனி விழ முன்னம் ஒருக்கா அந்தத் தூரப் பலகைக்குச் சுட்டிடோணும் அக்கா. என்ர துவக்கால. ஒரு ரவை காணும். வாற வருசம் எனக்குப் பலகையே தெரியாது."

அப்போது கோடை பாதி போயிருந்தது. அவரிடம் இல்லாதது கட்டை ஒன்றுதான். அதாவது இரும்பெல்லாம் போய் உட்காருகிற மரம். தோளில் முட்டுகிறதும் கன்னம் சாய்கிறதும் அதில்தான். பக்கத்து ஊரான சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஒரு பிரெஞ்சுக்கார மதாம், செத்துப்போன தன் புருசனுடைய வால்நட் கட்டையை விற்கப் போகிறாள் என்று செர்ஜ் துப்புக் கொண்டு வந்தான்.

"பொம்பிளை பாக்கப் போறம்" என்றார் பொருத்தத்தார். "நீங்கள் என்ர பக்கத்துப் பெரிய ஆளாய் வரோணும் அக்கா."

நான் கூறைச்சேலை இல்லை, ஆனாலும் நல்ல சேலை ஒன்று உடுத்தேன். அவர் தட்டத்தில் ஒரு சீப்பு வாழைப்பழமும் பூவும் வெற்றிலையும் வைத்துக்கொண்டு வந்தார். கதவைத் திறந்த மதாம் தட்டத்தைப் பார்த்துத் திகைத்துப்போய், பிறகு இரண்டு கையாலும் வாங்கினாள். நல்ல வீட்டுப் பிள்ளை. கட்டையை ஒரு வெள்ளைத் துவாய் விரித்த மேசையில் வைத்திருந்தாள். காப்பித் தோட்டத்து மண் மாதிரி நிறம். ஊடே தேன் ஓடின மாதிரி வரி.

பொருத்தத்தார் விசாரணை தொடங்கினார். செர்ஜ் மொழிபெயர்த்தான். புருசனுக்கு எந்த ஊர், சகோதரங்கள் எத்தனை, குடும்பத்தில் சீனி வருத்தம், பிரஷர் உண்டோ, எதனால் செத்தார், குடிக்கிறவரோ, பூசைக்குப் போகிறவரோ. மதாம் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். இடையில் கண்ணைத் துடைத்தாள். தன் புருசனைப் பற்றி இவ்வளவு அக்கறையாக ஒருவரும் கேட்டதில்லை என்றாளாம்.

"எடுத்துத் தோளில வைச்சுப் பாரும்" என்று செர்ஜ் பிரெஞ்சில் சொன்னான். சைகையும் காட்டினான்.

பொருத்தத்தாருக்கு முகம் கறுத்துவிட்டது. "பாக்க வந்த வீட்டில தொட்டுப் பாக்கிறதோ? நல்ல குடும்பம் இது" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசையை ஒரு சுற்று வந்தார். அவ்வளவுதான்.

மதாம் காப்பியும் சீனிப் பாணி போட்ட பலகாரம் ஒன்றும் கொண்டுவந்து வைத்தாள். சம்பந்தம் முடிவாக முதல் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அதனால் பொருத்தத்தார் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். நானோ காலையில் ஒரு தேத்தண்ணியோடு வெளிக்கிட்டவள். சீனி விழுந்தால் தலை சுற்றுகிற உடம்பு. ஒரு துண்டு எடுத்து வாயில் வைத்தேன். இரண்டாவது துண்டும் எடுத்தேன். நல்ல பலகாரம்.

பொருத்தத்தார் என்னைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"அக்கா, நீங்கள் கை நனைச்சிட்டியள்."

"அதுக்கென்ன?"

"அப்ப முடிஞ்சுது. இனி வேண்டாமெண்டு சொல்லேலாது."

வாழ்க்கையில் முதல் முறையாக அந்த மனிசன் ஒரு பொருளை ஒரே நாளில் வாங்கினார் என்றால், அதற்குக் காரணம் என் வாய்தான். அதில் எனக்கு இன்றைக்கும் பெருமை.

மரத்தையும் இரும்பையும் சேர்த்துப் பிடிப்பது ஒரேயொரு திருகாணி. பொருத்தத்தார் அதைத் தாலி என்றார். எங்கள் ஆட்களின் நகைக்கடையில் கொண்டுபோய் அதற்குத் தங்கமுலாம் பூசச் சொன்னார். நகைக்கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கழுத்துக்கோ அண்ணை, காதுக்கோ?"

"இடுப்புக்கு" என்றார் பொருத்தத்தார்.

முலாம் பூசின அந்த நாளைப் பொன்னுருக்கு என்று வைத்துக்கொண்டார். கலியாணத்துக்கு முன் தாலிக்குப் பொன்னுருக்கினால் சம்பந்தம் உறுதி. அதற்குப் பிறகு கலியாண நாள்வரை மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது. எங்கள் ஊர்ச் சம்பிரதாயம் அது. அதனால் இரும்பெல்லாம் அலுமாரியில், கட்டை மட்டும் மேலே என் அறையில், பழைய பட்டுச்சேலை சுற்றி. யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. யாரும் தோளில் வைக்கவில்லை. சுபநேரம் பார்த்தார், அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. கிளப் அந்த ஞாயிறோடு பனிக்காலத்துக்குப் பூட்டுகிறது. அடுத்த ஞாயிறு என்று ஒன்று இல்லை.

அன்றைக்குச் செர்ஜ் வெள்ளைச் சேட் போட்டுக்கொண்டு வந்தான். பேஸ்மென்டில் குத்துவிளக்கு ஏற்றியிருந்தது. சுபநேரம் வருவதற்காக எல்லோரும் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். பழகின தோஷம், செர்ஜே கேட்டான்: "எமகண்டம் ஃபினி?"

"எமகண்டம் முடிஞ்சுது" என்றார் பொருத்தத்தார்.

கட்டையை நான் கொண்டுவந்து கொடுத்தேன். செர்ஜ் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள, இரும்பு மரத்துக்குள் இறங்கினது. சத்தமே இல்லை. ஒரு தலைமயிர் விடக்கூட இடைவெளி இல்லை. குழலும் உடலும் மரமும் ஒரே மரத்தில் காய்த்தவை போல இருந்தன. தங்கத் திருகாணியை முறுக்கினார். என் மருமகள், துவக்கு என்றாலே முகம் திருப்புகிறவள், படியில் நின்று "வடிவா இருக்கு அங்கிள்" என்றாள்.

உள்ளே ஒன்றும் இல்லை என்று செர்ஜ் திறந்து காட்டிவிட்டு, படுத்துத் தோளில் வைத்துப் பாரும் என்றான். பொருத்தத்தார் கம்பளத்தில் குப்புறப் படுத்தார். வலத்தோளில் வைத்தார். கன்னத்தைச் சாய்த்தார். கன்னம் போய் நிற்க இடமில்லை. மரத்தில் கன்னத்துக்கு ஏற்றம் விட்டிருந்தது மற்றப் பக்கத்தில். பெருவிரல் போகிற குழியும் மற்றப் பக்கம். திரும்பவும் வைத்தார். தலையைக் கோழி மாதிரி அப்படியும் இப்படியும் வளைத்தார்.

செர்ஜ் நெற்றியில் அடித்துக்கொண்டான். மதாமின் புருசன் இடக்கைக்காரன். கிளப்பில் எல்லோருக்கும் தெரிந்த விசயம், அதனாலேயே ஒருவரும் சொல்ல நினைக்கவில்லை. பொருத்தத்தார் சீனி வருத்தம் கேட்டார், பிரஷர் கேட்டார், பூசை கேட்டார். சோறு தின்கிற கை எது என்று கேட்கவில்லை. எங்கள் சாத்திரத்தில் அப்படி ஒரு பொருத்தமும் இல்லை.

வேறு கட்டை எடுக்கலாம், இரண்டு கிழமையில் வரும் என்று செர்ஜ் ஆறுதல் சொன்னான். சொல்லிவிட்டு அவனே நிலத்தைப் பார்த்தான்.

பொருத்தத்தார் எழும்பிச் சம்மணம் கட்டி இருந்தார். துவக்கை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒவ்வொரு துண்டுக்கும் மற்றத் துண்டோட பொருத்தம் பாத்தன் அக்கா. எனக்குப் பாக்கேல்லை."

குத்துவிளக்குத் திரி பொரிந்தது.

"பரவாயில்லை" என்றார் பிறகு. "வாற வருசம் பாப்பம்."

வருகிற வருடம் என்று ஒன்று அவருடைய வலக்கண்ணுக்கு இல்லை என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கண்ணைப் பார்த்தேன், மற்றக் கண்ணைப் பார்த்தேன், மடியில் இருந்த மரத்தையும் பார்த்தேன்.

"தம்பி, டொக்டர் எந்தக் கண் நல்லதெண்டவர்?"

"இடது."

"மரம் எந்தப் பக்கத்துக்கு?"

விளங்கிவிட்டது அவருக்கு. உடனே தலையை ஆட்டினார். "இல்லை அக்கா. ஒரு நல்ல காரியத்தை ஆரும் இடக்கையால தொடங்கிறதோ? விபூதி வாங்கிற கையோ அது? நான் அந்தக் கையால ஒரு பழம்கூட ஒருத்தருக்கும் குடுத்ததில்லை."

"பொன்னுருக்கின பிறகு பொம்பிளையைத் திருப்பி அனுப்பினதாக நீர் செய்து வைச்ச கலியாணத்தில ஒண்டைச் சொல்லும்."

"அது வேற."

"என்ன வேற? கை நனைச்சாச்சு, பொன்னுருக்கியாச்சு, தாலியும் ஏறிட்டுது. இப்ப மாப்பிள்ளைக்கு வலப்பக்கம் படுத்தாத்தான் நித்திரை வருமெண்டு சொல்லிக்கொண்டு நிக்கிறீர். உந்தக் கதையை வேற ஆரும் வந்து சொன்னா நீர் என்ன சொல்லுவீர்?"

செர்ஜுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் என் குரலுக்கு அவனும் நிமிர்ந்து நின்றான்.

பொருத்தத்தார் யோசித்தார். "மற்றப் பக்கம் திரும்பிப் படும் எண்டு சொல்லுவன்" என்றார், மெதுவாக.

"அப்ப படும்."

படுத்தார். இடத்தோளில் வைத்தார். கன்னம் போய் அந்த ஏற்றத்தில் சாய்ந்தது. பெருவிரல் குழிக்குள் போய் உட்கார்ந்தது. மதாமின் புருசன் அவருக்காகவே அளவெடுத்துச் செய்த மாதிரி. மரத்தோடு ஒட்டினபடி, கண்ணை மூடிக்கொண்டு, கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தார்.

அன்றைக்குப் பின்னேரமே கிளப்புக்குப் போனோம். நானும் போனேன். சேலைக்கு மேலே என் மகனின் பனிக்கோட்டு, காதுக்கு இரண்டு பெரிய மூடிகள், மடிப்புக் கதிரையில் இருந்தேன். வயலெல்லாம் அறுத்து மொட்டையாகக் கிடந்தது. வெள்ளைக்காரர் சிலர் எனக்குப் பொன்ஜூர் சொன்னார்கள். நானும் சொன்னேன். தூரத்துப் பலகை, அவர் சொன்ன மாதிரியே, முத்திரை அளவு; அதில் ஒட்டின வெள்ளைக் கடதாசியின் நடுவில் ஒரு கறுப்பு வட்டம்.

பொருத்தத்தார் பாயில் படுத்தார். இடக்கை விசையில். பழக்கமில்லாத அந்தக் கையை ஒருமுறை எடுத்துக் கோட்டில் துடைத்துவிட்டுத் திரும்ப வைத்தார். செர்ஜ் அவருக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தான். அவர் மூச்சை விட்டதைக் கோட்டின் முதுகில் பார்த்தேன். அடுத்த மூச்சு வரவில்லை. அந்த இடைவெளி எனக்குக்கூட நீளமாகத் தெரிந்தது. பிறகு "டப்" என்று ஒரு சின்னச் சத்தம். பலகாரச் சட்டியில் தண்ணித் துளி விழுந்த அளவுதான்.

முக்காலியில் நின்ற தூரக்கண்ணாடியை என் பக்கம் செர்ஜ் திருப்பி வைத்தான். நான் கண்ணில் வெண்படலம் வெட்டுவித்தவள். இப்போது ஊசியில் நூல் கோர்க்கிறேன். பார்த்தேன்.

"பட்டுதோ அக்கா?"

"பொறும், பாக்கிறன்."

"கறுப்புக்குள்ளயோ?"

"கறுப்புக்குள்ள இல்லை. கீழ, வெள்ளையில. கரையோட."

அவர் தலையைத் திருப்பவில்லை. மரத்திலேயே கன்னம். "கடதாசியிலதானே?"

"ஓம், கடதாசியிலதான்."

"உண்மையா?"

"நான் ஏன் தம்பி உமக்குப் பொய் சொல்ல? கருவேப்பிலைக் காம்பு குத்தின மாதிரி ஒரு ஓட்டை. வடிவாத் தெரியுது."

பொருத்தத்தார் நெற்றியை அந்த மரத்தில் வைத்தார். தோள் ஒருமுறை ஏறி இறங்கினது. சிரித்தாரோ அழுதாரோ, நான் கேட்கவில்லை. செர்ஜ் தன் பெரிய கையை அவருடைய முதுகில் வைத்தபடி இருந்தான். கிளப்காரர் வந்து பூட்டப் போகிறோம் என்று சொல்லும்வரை சுட்டார். அதில் ஒன்றிரண்டு கறுப்புக்குள்ளும் போனது. ஆனால் முதல் ஓட்டை விழுந்த கடதாசியைத்தான் கழற்றித் தரச் சொன்னார்.

திரும்பி வரும்போது துவக்கு பெட்டிக்குள் பூட்டுப் போட்டுப் பின்னால் இருந்தது. செர்ஜ் காரை ஓட்டினான். நானும் பொருத்தத்தாரும் பின் சீட்டில். பாலம் தாண்ட முன்னமே மனிசன் வாயைத் திறந்துகொண்டு நித்திரையாகிவிட்டார். ஐப்பசி வெயில் சாய்ந்து யன்னலால் வந்து, சரியாக அந்த வலக்கண்ணில் விழுந்தது. என் சால்வையைக் கழற்றி யன்னலோடு பிடித்தேன். கை உளைந்தது; கர்க்லாண்ட் வரும்வரை நான் அதை இறக்கவில்லை.